ஞாயித்துக்கிழமைக்குள்ள

– வீடியோவாம் வீடியோ! என் கைவேலையப் படம் புடிச்சு வச்சுக்கிட்டு என்னய வீட்டுக்கு அனுப்பப் போறீகளா துர்கா சிஸ்டர்?

– சேவுகண்ணே, கத்தாதீக. அங்குட்டு ஆறு பேரு டயாலிசிஸ் மிஷின்ல படுத்துக் கெடக்காக. கதவு தெறந்துதான் கெடக்கு.

– கேக்கட்டும். பதினாலு வருசமா அவுக ரத்தத்தக் கழுவுற தண்ணிய நான்தான் சுத்தம் பண்ணித் தாரேன். இன்னைக்கு வந்து, அம்புட்டையும் அஞ்சு நாள்ல சொல்லிக் குடுன்னா? மேனேஜர் கண்ணன் சாரு கெளப்பிவிட்டதுதான இது?

– அவுக கெளப்பல. நான் கேட்டு வாங்குனது. கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் போடுவோம், ஆறு மாசம் ஆகும்னு இழுத்தாக. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியணும்னு சண்ட போட்டுட்டு வந்திருக்கேன்.

– எம்புட்டு ஒதுக்குனாக?

– அத ஏன் கேக்குறீக. அஞ்சாயிரம்.

– யானைப் பசிக்குச் சோளப்பொரி! வாசல்ல மீன் தொட்டி வச்சதுக்கே அதுக்கு மேல ஆச்சு.

– அதான் எல்லாத்தையும் எடுக்க வேணாம்ங்கிறேன். தப்பாப் போனா ஆள் சாகுற சங்கதி மட்டும். தண்ணியில குளோரின் இருக்கான்னு பாக்குறது, அந்தக் குளோரின உறிஞ்சுற கார்பன் டேங்கக் கழுவுறது, அலாரம் அடிச்சா எத மூடணும் எதத் தெறக்கணும்கிறது. என் செல்போன் போதும். நீங்க பேசிக்கிட்டே செய்ங்க, நான் எடுக்குறேன். வால்வுக்கெல்லாம் நம்பர் எழுதி ஒட்டுவோம்.

– நம்பர் ஒட்டுனா எவனும் ஓட்டிருவான் சிஸ்டர்!

– அதுதாண்ணே வேணும்!

– உங்களுக்கு வேணும். எனக்கு? நர்சு மஹாலட்சுமிக்கு டாக்டர் எழுதுற சீட்டு புரியும், வால்வு எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியாது. அந்த வார்டுபாய் சின்னக்கருப்பு இருக்கானே, மோட்டார் சத்தத்தக் கேட்டாலே பத்தடி தள்ளி நிப்பான். இதுகள வச்சுக்கிட்டு அஞ்சு நாள்லயா?

– தெரியும். படத்தப் பாத்தவுடனே வந்துராது. அதுக்குத்தான் ரெண்டு பேரும் தெனம் காலைல ஒரு மணி நேரம் முன்னாடி வரப் போறாக. மொத ரெண்டு நாளு நீங்க செய்வீக. அப்புறம் அவுக செய்வாக. நீங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கணும், தப்புப் பண்ணுனா மட்டும் வாயத் தெறக்கணும். அவுக ஓவர்டைமுக்கே அந்த அஞ்சாயிரம் போயிரும்.

– சொல்லிக் குடுக்குறவனுக்கு?

– ஒண்ணுமில்ல.

– நல்லா இருக்கு நாயம்!

– எனக்கும்தான் ஒண்ணுமில்ல. நான் கேட்டனா?

– அழகு அண்ணன ஞாபகம் இருக்கா? எனக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுத்த மனுசன். நான் தனியா ஓட்டுறத மேனேஜர் வந்து பாத்தாக. அடுத்த மாசமே அவர வேணாம்னுட்டாக. இப்பப் பிள்ளையார்பட்டிக் கோயில் வாசல்ல செருப்பு வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுக்குறாரு. என்னயப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. ஏத்திவிட்ட ஏணிய எட்டி ஒதைக்கிற எடம் இது. நான் ஏணியா நிக்க மாட்டேன்.

– அவருக்குச் செஞ்சது அநியாயம். நான் இல்லைங்கல. அதுக்கு இங்க படுத்துக் கெடக்குறவுக என்ன செய்வாக?

– அவுகளுக்கென்ன, நான் இருக்கேன்ல?

– போன வருசம் மாசிக் களரிக்கு இங்க இருந்தீகளா?

– குலசாமி கும்புடப் போகாம இருக்க முடியுமா? காட்டுக்குள்ள கோயிலு. போன்ல டவர் எடுக்கல.

– உங்க சாமிய நான் குத்தம் சொல்லல. அன்னைக்கு இங்க போர் மோட்டார் புகைஞ்சு போச்சு, லாரித் தண்ணி வந்துச்சு. பிளீச்சிங் பவுடர அள்ளிக் கொட்டுன தண்ணி, அம்புட்டும் குளோரின். சோதிச்சுப் பாக்கணும்னு எங்களுக்குத் தெரியும்ணே. பாக்குற மருந்து எங்க இருந்துச்சு? நீங்க பூட்டுன அலமாரியில. சாவி எங்க இருந்துச்சு?

– …என் இடுப்புல.

– ஒரு நாளுதான, ஒண்ணும் ஆகாதுன்னு ஓட்டிட்டோம். ஒக்கூர் சோணையம்மா வெடவெடன்னு நடுங்கி, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, "என்னத்தடி எனக்குள்ள ஏத்துன"ன்னு கேட்டாக. மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல நான்தான் கூடப் போனேன். மேலூர் தாண்டுற வரைக்கும் என் கைய விடல. பொழச்சு வந்தது அவுக செஞ்ச புண்ணியம், நம்ம செஞ்சது ஒண்ணுமில்ல.

– அதுக்குத்தான் இந்த வருசம் களரிக்குப் போகலன்னுட்டேன். பொண்டாட்டி வையிறா, பங்காளிக வையிறாக. இதுக்கு மேல என்ன செய்யச் சொல்றீக? அப்படியே போனாலும் களரிக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ளன்னு என்ன அவசரம்? அதச் சொல்லுங்க மொதல்ல.

– அவசரம்னா அவசரம்.

– இதுதான் எனக்குப் பிடிக்கல. என்னமோ மறைக்கிறீக. என் எடத்துக்கு எவனையோ புடிச்சுட்டாக.

– எம் புள்ள மேல சத்தியமா இல்ல. சேவுகண்ணனத் தூக்குனா அன்னைக்கே நானும் கெளம்பிருவேன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.

– நீங்க கெளம்பிட்டா என் வீட்டு அடுப்பு எரியுமா? விடுங்க சிஸ்டர். அலமாரிச் சாவியும் தர மாட்டேன், படம் புடிக்கவும் நிக்க மாட்டேன்.

– வெக்கமா இல்லையாண்ணே உங்களுக்கு? ஆறு உசுரத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியிறீக! தெரிஞ்சத வச்சுக்கிட்டு ஊரப் பயமுறுத்துறதுக்குப் பேரு வேலையா? உங்க பயத்துக்கு இங்க படுத்துக் கெடக்குறவுக பலியாகணுமா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா இங்க யாரு இருக்கா?

– எனக்கென்ன ஆகும்? கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். சிஸ்டர்… நீங்க எதுக்கு அழுகுறீக? நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே.

– கோவத்துல அழுகுறேன். ஸ்டாஃப் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாகள்ல. உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டாந்தடவ எடுத்தாகன்னு யோசிச்சீகளா?

– சுகரு பாக்கன்னாக.

– சுகருதான். ரெண்டு கிட்னியையும் தின்னுருச்சு. பெரிய டாக்டரு சாயங்காலம் உங்களக் கூப்பிட்டுப் பக்குவமாச் சொல்றேன்னாக. எனக்கு அம்புட்டுப் பொறும இல்ல. திங்கக்கிழமை மொத ஷிப்டு, நாலாம் பெட்டு உங்களுக்குண்ணே. கழுத்துல டியூப டாக்டர் போட்டுருவாக, மிஷின நான் ஓட்டிருவேன். தண்ணிய யாரு பாப்பா, சொல்லுங்க?