சாமைக் களத்து மோட்டார் போட்

திருப்பத்தூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பேருந்தில் என் முன் இருக்கைக்காரர், படகின் பித்தளை விசிறியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வெளியே நீட்டிய இறக்கை ஒன்று வளைவுதோறும் பக்கத்து ஆளின் விலாவை விசாரித்தது. அவர் கேட்டார்:

"இன்னாங்க இது? மலைக்கு மேல கப்பலா?"

"மோட்டார் போட்டுங்க. ஏலத்துல எடுத்த ஓட்டை போட். ரெண்டு வருசமா எங்க சாமைக் களத்துல நிக்குது."

"ஓட்டைய அடைச்சாச்சா?"

"மழை பேஞ்சு ரொம்பிச்சுங்க, ஒரு சொட்டு வெளிய வரல. உள்ள இருக்கற தண்ணி வெளிய வரலன்னா, வெளிய இருக்கறது உள்ள வராதுல்ல? இப்ப எங்க எருமை அதுலதான் தண்ணி குடிக்குது."

"வூட்ல ஒண்ணும் சொல்லலியா?"

"அறுப்புக்குள்ள அது ஊர் ஏரிக்குப் போவணும், இல்லன்னா பழைய இரும்புக்காரனுக்குப் போவும்னுட்டா. அறுப்பு அடுத்த வாரம். இந்த விசிறி ஒண்ணுதான் பாக்கி. காசிமேட்ல பழைய சாமான் கடையில பாதி வெலைக்குப் புடிச்சேன்."

பக்கத்து ஆள் பம்புசெட் மெக்கானிக் என்று ஏறும்போதே சொல்லியிருந்தார். விசிறியை வாங்கி விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அண்ணே, இறக்கை மாறிக் கீது. இது எதிர்ப்பக்கம் சுத்தற இன்ஜினோடது. மாட்டினா உங்க போட் பின்னாலதான் போவும்."

போட்டுக்காரர் விசிறியை வாங்கி மறுபடி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏரியில எந்தப் பக்கம் போனா இன்னாங்க, களத்த விட்டுப் போனா சேரி. சீட்ட திருப்பி மாட்டிக்கினு உக்காந்துக்கறேன்."