தேய்ந்த சோப்பு

— தூக்கிப் போட்டது நீங்கதானே? அதை மட்டும் சொல்லுங்க.

— நான்தான். ஆனா ஒரு சோப்புக்காகவா காலையிலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? கார்ல ஏறினதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. இங்க வந்து வண்டியை நிறுத்தினதும் ஆரம்பிக்கிற.

— ஓட்டுறவர்கிட்ட சண்டை போடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு வந்தேன்.

— இல்ல, நான் என்ன சொல்றேன்னா, அது சோப்பே இல்ல. பாத்ரூம் ஓரத்துல பாசி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சுரண்டி எடுத்துக் குப்பையில போட்டுட்டு, புதுசு பிரிச்சு வச்சேன்.

— அதை அந்த அளவுக்குக் கொண்டு வர நான் என்ன பாடு பட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?

— சோப்பைத் தேய்க்கிறதுல என்ன பாடு?

— அது என் ஹோம்வொர்க்.

— என்னது?

— மேல மாடியில இருக்காங்களே கவுன்சிலிங் மேடம், அவங்க குடுத்தது. ஒரே ஒரு சோப்பைக் கடைசி வரைக்கும் தேய்க்கணும். ஒண்ணுமில்லாமப் போற வரைக்கும். இன்னிக்கு வந்து, முடிச்சுட்டேன் மேடம்னு சொல்லலாம்னு ஆசையா இருந்தேன்.

— இதுக்கா ஒரு படிப்பு படிச்சு, வாசல்ல போர்டு வச்சு உக்காந்திருக்காங்க?

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. தேஞ்ச சோப்புன்னா உனக்கு ஆகாது. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து பாக்குறேன், மேல இருக்குற பேரு அழிஞ்சா போதும், அன்னிக்கே அது குப்பைக்குப் போயிடும். எத்தனையோ தடவை நான் எடுத்து வாஷ்பேசின்ல வச்சுக் கை கழுவியிருக்கேன். சரி, இந்தத் தடவை உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம்னுதான் நானே போட்டேன்.

— எனக்கு நல்லது பண்றதா நினைச்சா போட்டீங்க?

— வேற எதுக்குப் போடுவேன்?

— நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்.

— எந்த மாதிரி?

— விடுங்க. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க, புழுக்கமா இருக்கு. இன்னும் நேரம் இருக்கு.

— இறக்கிட்டேன். இப்ப சொல்லு. அந்தச் சோப்புல அப்படி என்ன இருக்கு?

— நம்ம சபையில பொண்ணுங்களுக்குத் தனியா பரிசுத்த வகுப்பு நடக்கும்ல? அதுல போதகரம்மா ஒரு நாள் புது சோப்பு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பிரிச்சா ரூம் பூரா வாசனை. மேல பேரு பளிச்சுன்னு எழும்பி நிக்குது. ஒரு வாளியில எல்லாரையும் கையை நனைக்கச் சொன்னாங்க. நனைச்சுட்டு, சோப்பைக் கையில நல்லா உருட்டி, பக்கத்துல இருக்கிறவகிட்டக் குடுக்கணும். எங்களுக்கு ஒரே குஷி. ஏதோ விளையாட்டுன்னு நினைச்சோம்.

— அப்புறம்?

— சுத்தி முடிஞ்சு அவங்க கைக்குத் திரும்பப் போகும்போது பேரைக் காணோம். வழவழன்னு, நுரையும் முடியுமா இருந்துச்சு. அதைத் தூக்கிக் காட்டி, "இதைத் திரும்பக் காகிதத்துல சுத்திக் கடையில வச்சா எவனாவது வாங்குவானா"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சேர்ந்து கத்தினோம், "வாங்க மாட்டான்"னு. "கை பட்ட பொண்ணும் அப்படித்தான்"னாங்க. அவ்வளவுதான் வகுப்பு. ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

— சோப்பைத் தேய்க்கத்தானே வாங்குறோம்.

— இதையேதான் மேடமும் சொன்னாங்க. அங்க உக்காந்திருந்தப்ப சிரிப்பா வந்துச்சு. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல நின்னா, கை அதைத் தொட மாட்டேங்குது. மண்டைக்குப் புரிஞ்சது கைக்குப் புரியல.

— நீ ரத்தம் எடுக்குறவ. விடிஞ்சா ஊர்ல இருக்கிறவன் கையை எல்லாம் பிடிச்சு நரம்பு தேடுற. அப்ப தொடத் தயங்கலையே.

— அப்ப கையுறை போட்டிருப்பேன். அது என் கையில்ல, லேபுக்காரி கை.

— இதுவும் எனக்குப் புரியல.

— எனக்கே புரிஞ்சா இங்க ஏன் படியேறி வரேன்? சபைக்குப் போறதை நிறுத்தியாச்சு. நிறுத்தி என்ன? நான் வெளிய வந்துட்டேன், கூட்டம் எனக்கு உள்ள நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. கல்யாணத்துக்கு முதல் நாள் வரைக்கும் பாவம். மறுநாள் மோதிரம் மாட்டினதும் அதே விஷயம் கடமை. அதே போதகரம்மா கன்னத்தைக் கிள்ளி, "சீக்கிரம் நல்ல சேதி சொல்லு"ங்கறாங்க. சட்டம் மாறிடுச்சுன்னு என் உடம்புக்கு யார் போய்ச் சொல்றது?

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. சும்மா ம்னேன்.

— சரி, ஒண்ணு கேக்குறேன். கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

— அதை ஏன் இப்ப கிளறிக்கிட்டு.

— கூடப் படிச்சவன். பஸ் ஸ்டாப்புல மழைக்கு ஒதுங்கி நின்னப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நானும் எடுக்கல. பஸ் வர்ற வரைக்கும் அப்படியே நின்னோம். இதைச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சோறு இறங்கல, தண்ணி இறங்கல. நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான் மன்னிச்சுட்டேன்"னீங்க.

— மன்னிச்சேன்தானே.

— மன்னிச்சீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவரைப் போல உண்டான்னு நினைச்சேன். போன தடவை மேடம் கேக்குறாங்க, "அவர் எதை மன்னிச்சார்"னு. நானும் யோசிச்சுப் பாக்குறேன். மழையையா? பஸ் லேட்டா வந்ததையா?

— என் மேல கோவமா?

— தெரியலையே. அதுதான் இம்சை. உங்க மேல கோவப்படணுமா, உங்களுக்கு நன்றி சொல்லணுமா, ரெண்டுல எதுன்னே தெரியாம முழிக்கிறேன்.

— இல்ல, நான் என்ன சொல்றேன்னா, மன்னிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. அதான் மன்னிச்சேன். மத்தபடி எனக்குப் பெருசா ஒண்ணும் தோணல. அந்த மழையில உன் பக்கத்துல நின்னுக்கிட்டு அவன் கையைப் பிடிக்காம இருந்திருந்தாதான் ஆச்சரியம்.

— ஏன் அப்படிச் சொல்றீங்க?

— சும்மா சொன்னேன். அது கிடக்கட்டும். டிக்கியில உன் பெட்டி இருக்கு. கேக்க வேண்டாம்னுதான் இருந்தேன்.

— பாத்துட்டீங்களா.

— ஸ்டெப்னிக்குக் காத்து இருக்கான்னு பாக்கத் திறந்தேன்.

— இங்க முடிச்சுட்டு அக்கா வீட்டுக்குப் போறேன்.

— எப்ப வருவ?

— தெரியாது. வருவேனான்னும் தெரியாது.

— இதுவும் ஹோம்வொர்க்கா?

— இல்ல. மேடம் அவசரப்படாதேன்னுதான் சொல்றாங்க. உங்களை ஒரே ஒரு தடவை மேல கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நீங்கதான் வண்டியிலேயே இருக்கேன்னு அடம் பிடிக்கிறீங்க.

— நான் வந்து என்ன பண்ணப் போறேன்? உக்கார வச்சு சின்ன வயசுல என்ன ஆச்சுன்னு கேப்பாங்களாம். சின்ன வயசுல எனக்கு அம்மை போட்டுச்சு, அதைத்தான் சொல்லணும். எனக்கு ஒரு வியாதியும் இல்ல. எந்தச் சோப்பும் ஒத்துக்கும்.

— எனக்கும் வியாதி இல்ல.

— நான் அப்படிச் சொல்லல. நான் என்ன தப்பு பண்ணேன்னு பெட்டி கட்டியிருக்க, அதைச் சொல்லு. அடிச்சேனா, திட்டினேனா? நீ விலகிப் போனா, சரின்னு விட்டேன். ஒரு நாளாவது வற்புறுத்தினேனா?

— இல்ல. நீங்க தங்கமான மனுஷன்னு அக்காகிட்டயே சொல்லியிருக்கேன். ஆனா நான் விலகிப் போனதை மட்டும் சொல்றீங்களே, கிட்ட வந்ததை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? மாசக்கணக்கா இந்தப் படியில ஏறி இறங்கி, பல்லைக் கடிச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வந்தேன். சோபாவுல ஒட்டி உக்காந்தேன். தோள்ல சாஞ்சேன். சாஞ்ச உடனே உங்க கையில அந்தச் சத்தம்.

— எந்தச் சத்தம்?

— இதோ, இப்பக்கூட உங்க விரல் அங்கதான் போகுது. அந்த ரப்பர் பேண்டு. இழுத்து விடுறீங்க, டப்புன்னு.

— இது ஆபீஸ் பழக்கம். தபால் பிரிக்கிறவன் கையில ரப்பர் பேண்டு இல்லாம எப்படி இருக்கும்? கட்டுக் கட்டா வருது, அவுத்ததைக் கையில மாட்டிக்கிறோம்.

— அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஆனா உங்க மணிக்கட்டுல உள்பக்கம் ஒரு கோடு இருக்கு. சிவந்து, கன்னிப் போய், அது மேலயே திரும்பத் திரும்பப் பட்ட கோடு. நரம்பு தேடுறவளுக்கு அது தெரியாமலா போகும்?

— நேரமாகுது, நீ மேல போ.

— போகல. என்னைத் தொட்டா உங்களுக்கு அருவருப்பா இருக்கு. அதை அடக்கத்தான் உங்களையே அடிச்சுக்கிறீங்க. நான் கை பட்ட சோப்பு. நீங்க வாயால மன்னிச்சீங்க, மனசு மன்னிக்கல. காலையில குப்பைக்கூடையில அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் உறுதியாயிடுச்சு.

— ஐயோ, அது இல்ல.

— அப்ப எதுன்னு சொல்லுங்க. பெட்டியை நானே தூக்கிக்கிறேன். தெரிஞ்சுக்கிட்டாவது போறேன்.

— பொண்ணுங்க உங்களுக்குச் சோப்புன்னா, எங்களுக்கு இது.

— எது?

— பசங்களுக்கும் வகுப்பு இருந்துச்சு. மீசை அரும்புற வயசுல. போதகர் ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்டு மாட்டி விட்டார். ஒரு பொண்ணு மேல கண்ணு போய், மனசு அலைபாய்ஞ்சா, உடனே இழுத்து விடணும். வலியில பாவம் ஓடிப் போயிடுமாம். அறுந்து போனா, கூட்டம் முடிஞ்சதும் வந்து புதுசு வாங்கிக்கணும். எல்லாரும் பாக்க வாங்கணும். அதிகம் வாங்கினது நான்தான். பசங்க எனக்கு டப்புன்னே பேரு வச்சுட்டாங்க.

— இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாதே.

— வெளிய சொல்லக் கூடாது. சொன்னா பொண்ணுங்க மனசு கெட்டுடுமாம்.

— கல்யாணம் ஆனப்ப கழட்டிடுன்னு சொல்லலையா?

— யாரும் சொல்லல. அவருக்கு மறந்து போச்சோ என்னவோ. நானும் கேக்கல. இதைப் போய் யார்கிட்டக் கேக்குறது? தபால் வேலை கிடைச்சதும் வசதியாப் போச்சு. ஏன் மாட்டியிருக்கேன்னு கேக்க ஆளில்ல.

— இருங்க. எனக்குத் தலை சுத்துது. அப்படின்னா நீங்க அதை இழுத்து விடும்போதெல்லாம், மனசுல ஒரு பொண்ணு.

— ஆமா.

— நான் பக்கத்துல இருக்கும்போதே.

— ஆமா.

— இதுக்கு அருவருப்பே தேவலாம் போல இருக்கே. நான் பாத்ரூம்ல நின்னு சோப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு உங்ககிட்ட வரப் பாக்குறேன், நீங்க இன்னொருத்தியை மனசுல வச்சுக்கிட்டு. யார் அவ? உங்க ஆபீஸ் கவுண்டர்ல புதுசா வந்திருக்காளே, அவளா?

— இல்ல, நான் என்ன சொல்றேன்னா...

— நீங்க என்ன சொல்றீங்கன்னுதான் நானும் கேக்குறேன். போன ஞாயித்துக்கிழமை ஜன்னல் ஓரமா உக்காந்து தலை காய வச்சுக்கிட்டு இருந்தேன். டிவி கூட ஓடல. டப்பு டப்புன்னு கேட்டுச்சு. அப்ப யாரு? எதிர்வீட்டுக்காரியா?

— எதிர்வீடு பூட்டிக் கிடக்கு. குடிவரவே இல்ல.

— சமையல்கட்டுல மேல் தட்டுலேர்ந்து டப்பா எடுக்க ஸ்டூல் மேல ஏறினேன். நீங்க கீழ ஒரு கையால ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அப்பவும் அதே சத்தம். லேப்லேர்ந்து வந்து அலுப்புல சோபாவுலேயே தூங்கிட்டேன், முழிச்சதே அந்தச் சத்தத்துலதான். எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதானே? அங்க நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாதே. அப்ப யாரைத்தான் பார்த்தீங்க?

— கல்யாணத்துக்கு முன்னாடி யார் யாரையோ பார்த்து அடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் விழுந்த அடி எல்லாம் உன்னைப் பார்த்ததுக்குத்தான்.