பத்து நிமிடம் தள்ளி அடித்த மணி

கம்பெனிக்காரர்கள் அனுப்பிய டி-ஷர்ட் எனக்குப் பத்தவில்லை சார். வீட்டில் சோதனை போட்டபோது பார்த்திருப்பீர்கள், வண்டி துடைக்க வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். கம்ப்யூட்டரை ஓடவைக்கிற அடிப்படை மென்பொருளில் இலவசமானது ஒன்று உண்டு. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். என்னைப் போன்றவர்கள் ஊருக்கு ஒருத்தராக உட்கார்ந்து, ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொள்கிறோம். என் மூலை, விஷவாயு அளக்கும் கருவியை ஓட்டுகிற பகுதி. காற்றில் வாயு கூடினால் மணி அடிக்க வேண்டும். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற நேரம் போக, பதினொரு வருடமாக இதுதான் எனக்கு வேலை.

சென்னைக் கம்பெனி ஒன்று அதை ஒரு பெட்டிக்குள் போட்டு, மேலே தன் பெயரை ஒட்டி, ஆலைகளுக்கு விற்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. விற்கலாம் என்று சொன்னதே நாங்கள்தான். ஆனால் பெட்டியில் கோளாறு என்றால் எனக்குத்தான் மெயில் வரும். 'உடனே சரிசெய்யவும்.' வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றுகூட ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். ஒத்தாசைக்கு ஒரு இன்ஜினியரைக் கொடுங்கள் என்று நான்கு முறை எழுதினேன். டி-ஷர்ட் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது சார், மறைக்கவில்லை.

நான் எழுதுவதை அங்கே யாராவது வாசிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். மார்ச்சில் ஒரு வரி சேர்த்தேன்: அந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தால், மணி பத்து நிமிடம் பொறுத்து அடிக்கட்டும். ஒளித்துவைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி, என்ன மாற்றினேன் என்பதை மேலேயே எழுதி, என் பெயரும் ஊரும் போட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் நாற்பது நாள் வைத்தேன். வாசித்திருந்தால் அந்த வரியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். கம்பெனி அப்படியே வாங்கி எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டது.

அரியலூர்ப் பக்கம் அந்தப் பெட்டி மாட்டியிருந்த ஒரு சிமென்ட் ஆலையில், நிலக்கரித் தொட்டியைச் சுத்தம் செய்ய அங்கமுத்து என்ற தொழிலாளி இறங்கினார். விக்கிரமங்கலத்துக்காரர், எனக்கு அறிமுகமில்லை. வெளியே தூக்கியபோது உயிர் இல்லை என்றார்கள். மணி பழுதாகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னபடி பத்தாவது நிமிடம் அடித்தது. என் வேலையில் பிழை இருக்காது.

நீங்கள் இப்போது மேசையில் வைக்கிற தாள் எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த தென்றல் என்ற பெண், முப்பதாவது நாள் எனக்கு எழுதியது. 'அண்ணா, நான் வேப்பந்தட்டைங்க. நீங்களும் நம்ம பக்கம்னு பாத்ததும் எழுதுறேன். மணி பத்து நிமிஷம் லேட்டா அடிக்கிற மாதிரி இருக்கே, தப்பா வந்துடுச்சுங்களா? இல்ல எனக்குத்தான் புரியலையா?'

பதினொரு வருடத்தில் என் வரியை வாசித்துவிட்டு எழுதிய முதல் ஆள். அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. ஆனால் வாசிக்க வேண்டியவர்கள் மேலே இருப்பவர்கள் இல்லையா? அதனால்தான் உடனே பதில் போட்டேன், கீழே இருக்கிறது பாருங்கள். 'எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. தைரியமா அனுப்பி வை.' நம்பி அனுப்பிவைத்தாள்.

அவளை விட்டுவிடுங்கள், பாவம். வாக்குமூலத்தில் மட்டும் நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள் சார். அங்கே ஒருத்தர்கூட வாசிக்கவில்லை.