முப்பதில் போனால் மான் முந்தும்

மூதூர் பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆட்டோக்காரர், பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்ற பெண்ணிடம் கொதித்துக்கொண்டிருந்தார்.

"துறைமுக வீதியில முப்பதுக்கு மேல ஓடக்கூடாதெண்டு நகரசபையில கதைக்கினமாம், அக்கா. முப்பதில போனா ரோட்டில திரியிற மானே என்னை முந்திப் போகும்."

"உங்கட ஆட்டோ எங்க, தம்பி?"

"திருத்தக் குடுத்து கராச்சில நிக்குது. நேற்று மான் ஒண்டு குறுக்க வந்தது. ஆட்டோவை ஒரு பக்கம் வெட்டித் திருப்ப, மதிலோட அடிபட்டுப் போச்சு."

"எவ்வளவு வேகத்தில போனீங்கள்?"

"அறுபது."

"மானுக்கு?"

"ஒண்டுமில்லை. பாய்ஞ்சு ஓடிட்டுது."

"அதுக்கு நாலு கால். போன மாசம் மோட்டார்சைக்கிள் வந்து இடிக்கேக்க எனக்கு ரெண்டுதானே இருந்தது."

பஸ் வந்ததும் ஆட்டோக்காரர் விலகி வழிவிட்டார்.

"நீங்கள் முதல்ல ஏறுங்கோ, அக்கா."

"மெல்ல மெல்ல, ஆறுதலாத்தான் ஏறுவன். பரவாயில்லையோ?"