இளைப்புக்கோடு பார்த்த அம்மாவுக்கு

அரியலூர், பெரம்பலூர் எனும் இரு மாவட்டத்து மக்களின் மூச்சைத் தம் மூச்சாய் மதித்து, தும்மலுக்கும் துயருக்கும் துணை நின்று, எண்களின் நடுவே இருந்தும் எளியவரை மறவாது, சொல்லில் இனிமையும் செயலில் செம்மையும் சினத்தில் சிக்கனமும் காத்த எங்கள் புள்ளியியல் அலுவலரே! வரதராசன்பேட்டை தந்த வாடா மலரே! பெருமதிப்பிற்குரிய திருமதி சாந்தி மேரி அம்மா அவர்களே!

வாடா மலர் என்று எழுதியதுமே மருந்துக் கிடங்கு முருகையன் சார் தடுத்தார். "பூவே வேணாங்க. அம்மாவுக்குப் பூன்னாலே ஆவாது" என்றார். நீங்கள் சிரிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அதை அப்படியே விட்டிருக்கிறோம். அதனால்தான் இம்மேடையில் உங்களுக்கு மாலையும் இல்லை, சால்வை மட்டும்தான். காரணம் அறியாத விருந்தினர்கள் எங்களைக் கஞ்சர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

கருத்தாய்க் கணினி கற்றவரே! உடம்புக்கு முடியாதவர் ஆஸ்பத்திரிக்கு வருமுன்னே போனில்தான் தேடிப் பார்க்கிறார் என்பதை எங்களுக்கு முன்பே உணர்ந்தவர் நீங்கள். எந்தச் சொல்லை எந்த வாரம் எந்த ஊர்ப் பக்கத்தில் அதிகம் தேடினார்கள் என்ற கணக்கு இணையத்தில் கிடைக்கும். தேடியவர் யார் என்பது அதில் இருக்காது. அந்தக் கணக்கை வாரந்தோறும் கோடாக்கினீர்கள். கோடு ஏறினால் அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மருந்து முன்கூட்டியே போய்ச் சேர ஏற்பாடு செய்தீர்கள்.

முதலில் 'மகரந்த ஒவ்வாமை' என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தோம். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மூச்சு முட்டுகிறவர் பாடப்புத்தகச் சொல்லையா தேடுவார்? கரும்பு விளையும் எறையூர்ப் பக்கம் 'அடுக்குத் தும்மல்' என்றும், முந்திரிக் காடுகளின் பக்கம் 'இளைப்பு' என்றும் தேடுவதைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். அந்த ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு இளைப்புக்கோடு செங்குத்தாக ஏறியது. அலுவலகமே அலறியது. முருகையன் சார் மருந்துப் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் ஓடினார். ஒரு நோயாளிகூட வரவில்லை. பிறகுதான் விளங்கியது, பொங்கலும் கறிச்சோறும் தின்று முடித்தவர்கள் 'உடம்பு இளைக்க வழி' என்று தேடியதையும் நம் கணினி இளைப்பில் சேர்த்துக்கொண்டிருந்தது! "என்னங்க முருகையன், மூச்சு வாங்குறவங்களவிட தொப்பையக் குறைக்கிறவங்கதான் ஜாஸ்தி போலருக்கு" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். இப்போதெல்லாம் நீங்கள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்ப்பதில்லை.

மறு ஆண்டு இளைப்பு வேறு, இளைக்க வேறு என்று பிரித்து வைத்தீர்கள். முந்திரி பூத்தது, கோடு ஏறியது, மருந்து முந்திப் போனது. பூவா, புழுதியா, பூவுக்கு அடிக்கும் பூச்சிமருந்தா என்று கோடு சொல்லாது, எந்தப் பக்கம் மூச்சு முட்டுகிறது என்று மட்டுமே சொல்லும் என்று மேலதிகாரிகளிடம் அடக்கமாகச் சொல்வீர்கள். உள்ளதைக் கூட்டிச் சொல்லிப் பேர் வாங்க உங்களுக்குத் தெரியாது.

ஆனால் அம்மா, கோட்டுக்கும் முன்பாக உங்களுக்குச் சேதி சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர் உங்கள் கணவர், ஆசிரியர் மரிய ஆல்பர்ட் ஐயா. வீட்டைச் சுற்றி அவர் வைத்த முந்திரியில் முதல் பூ விரிந்ததும் அவருக்குத் தும்மல் பிடிக்கும். உடனே அலுவலகத்துக்குப் போன் வரும். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்போம்.

"மேரி, பூ வந்துருச்சு. எனக்கு ஆரம்பிச்சுட்டுது, உன் கோட்டுக்கு ஆரம்பிச்சுதா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப இந்த வருசமும் நான்தான் ஃபர்ஸ்ட்."

நீங்களும் போனில் தேடுங்கள் ஐயா, கோடு கொஞ்சம் ஏறட்டும் என்று நாங்கள் கேலி செய்தால், "வூட்லயே டாக்டரம்மா கணக்கா ஒருத்தி இருக்கறப்ப நான் ஏங்க போனைக் கேக்கணும்?" என்பார்.

போன தை மாதமும் அந்த அழைப்பு வந்தது. அன்று கோடும் கூடவே ஏறியது. எல்லா நிலையங்களுக்கும் மருந்து போய்ச் சேர்ந்ததா என்று மாலை வரை கேட்டுவிட்டுத்தான் நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள். அதற்குள் ஐயாவுக்கு இளைப்பு மீறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். அந்த வாரக் கோட்டில் இரு மாவட்டத்துத் தேடலும் இருந்தது. ஐயாவின் மூச்சு மட்டும் இல்லை. அவர் உங்களைத்தான் கேட்டார், போனைக் கேட்கவில்லை.

ஊரார் வீட்டுக்கெல்லாம் மருந்து அனுப்பிவிட்டு என் வீட்டை விட்டுவிட்டேனே என்று நீங்கள் உள்ளுக்குள் நொந்துகொண்டிருப்பதை நாங்கள் அறிவோம். அது உங்கள் பிழை அன்று, அம்மா! இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் தருவதே நாள்தோறும் இந்த ஒரு வரியையாவது நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வேலைக்குத் திரும்பினீர்கள். மாடிப்படியில் பாதியில் நிற்கத் தொடங்கினீர்கள். "வயசாச்சுல்ல, வாங்குதுங்க" என்றீர்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, இதுவும் அந்த இளைப்புத்தான் என்றார். வீட்டைச் சுற்றியுள்ள முந்திரியை வெட்டிவிடுங்கள் என்று எல்லோருமாகக் கெஞ்சினோம். "அவரு வச்ச மரம்ங்க. இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுக் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

இன்று நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். மார்கழி இன்னும் முடியவில்லை, பூவும் வரவில்லை, கோடு படுத்துத்தான் கிடக்கிறது. நாளை முதல் அதை உங்களிடம் வேலை கற்ற கவியா பார்ப்பார். ஆனால் வரதராசன்பேட்டைப் பக்கம் அது துளி அசைந்தாலும், தேடுவது நீங்களோ என்று எங்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரென்று கோடு சொல்லாது என்பதை எங்களுக்குச் சொன்னவரே நீங்கள்தான்!

நோயின்றி நூறாண்டு வாழ்க என்று முடிப்பது வழக்கம். முந்திரிக் காட்டின் நடுவே தன்னந்தனியாய் இருக்கப் போகிறவருக்கு அதை வெறும் வார்த்தையாக எழுதிக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நீங்கள் வாழ வேண்டும், அம்மா. மூச்சு முட்டினால் போனில் தேடாதீர்கள். ஐயா உங்களைக் கேட்டது போல் நீங்கள் எங்களைக் கேளுங்கள். உங்களுக்கென்று ஒரு மருந்துப் பெட்டியை முருகையன் சார் இப்போதே எடுத்து வைத்துவிட்டார். தையில் முதல் பூ விரிந்ததும் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து, "பூ வந்துருச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். கோடு ஏறட்டும் என்று காத்திருக்க மாட்டோம், அம்மா. புறப்பட்டு வந்துவிடுவோம்.

அந்த அழைப்புக்குக் காத்திருக்கும்
புள்ளியியல் பிரிவு, மருந்துக் கிடங்குப் பணியாளர்கள் அனைவரும்

எழுதி வாசிப்பவர்: காத்தாயி, பதிவறை எழுத்தர்
அரியலூர்