வாரம் ஒரு பழுது

திருத்தணி கடைத்தெருவில் காலை வெயில் நேராக விழுகிற ஜன்னல் என் கடையில்தான் இருக்கிறது. லுங்கி பார்க்க அந்த வெளிச்சம் வேண்டும். கூட்டுறவு சங்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், அந்தப் பக்கம் உட்காருங்கள், கண் கூசாது. ஜெயம்மாள் நெய்கிற துணியில் மட்டும் வாரா வாரம் எப்படிப் பழுது வருகிறது என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல அவள் புருஷன் ஜம்புலிங்கத்திடமிருந்து தொடங்க வேண்டும்.

நான் கமிஷன் ஏஜெண்ட். பொதட்டூர்பேட்டையில் வீட்டுத் தறி வைத்திருப்பவர்கள் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மூட்டையோடு வருவார்கள். துணியை என்னிடம் போட்டுவிட்டுப் போவார்கள், நான் மெட்ராஸ் வியாபாரிகளுக்கு விற்றுக் கொடுப்பேன். அடுத்த திங்கள் வரும்போது, பழுது இருக்கிற துணியை இந்த ஜன்னலடியில் விரித்துக் காட்டுவேன். நெய்தவன் தன் கண்ணால் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

ஜம்புலிங்கத்துக்கு மட்டும் காட்ட எதுவும் இருக்காது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு கை, அப்படியொரு கண். சாயத்தில் ஒரு நூல் மங்கியிருந்தால் தறி ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றிவிடுவான். எழுபத்து மூன்றில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வியாபாரி அவன் லுங்கியை உதறிப் பார்த்துவிட்டு, "யாருங்க நெய்யறது? ஆளைக் காட்டுங்க, நான் நேரா அவர்கிட்டயே எடுத்துக்கறேன்" என்றார். பல பேர் நெய்வது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று மத்தியானமெல்லாம் அதே யோசனை. இன்றைக்கு மறைத்தாயிற்று, இன்னொரு நாள் இவனே மெட்ராஸ் பஸ் ஏறினால் என்ன செய்வது. குறை இல்லாத நெசவாளிக்குத் தரகன் எதற்கு. சட்டைப் பையில் ஒரு ஊக்கு இருந்தது. அதன் நுனியால் அவன் லுங்கி ஒன்றில் குறுக்கு நூலை நெருடி அறுத்தேன். கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்தால் நெய்யும்போதே விட்டுப்போன இழை மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை காட்டினேன். அவன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான். "வூட்ல மடிக்கச்சொல்ல பார்த்தேனே மொதலாளி. இது கண்ல படலியே" என்றான். பரவாயில்லை, எல்லாருக்கும் வருவதுதான் என்று தட்டிக்கொடுத்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்போதே வெட்கமாக இருந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அதற்குப் பிறகு வாரம் ஒன்று. ஒன்றுக்கு மேல் வைத்ததில்லை. மெட்ராஸ் பக்கம் போகலாம் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. பழுதுத் துணியையும் தள்ளாமல் விற்றுக் கொடுக்கிறேனே என்று பையில் மாம்பழம் கொண்டுவந்து கொடுப்பான். அந்தப் பழத்தை என்னால் வாயில் வைக்க முடியாது, பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிடுவேன்.

எழுபத்தைந்தில், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின திங்கள், இதே இடத்தில் நின்றுகொண்டு சொன்னான்: "மொதலாளி, எனக்குக் கண்ணு போயிகினு கீது. நெய்யச்சொல்ல எல்லாம் சரியா தெரியுது. இங்க வந்தா பழுது கீது. அரக்கோணத்துல கண்ணு டாக்டர் கீறாராமே, போய்க் காட்டட்டுமா?"

அரக்கோணத்து டாக்டர் நல்ல டாக்டர். எனக்கே கண்ணாடி எழுதிக் கொடுத்தவர். ஐந்து நிமிஷம் பார்த்தால், உன் கண்ணில் ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பார் என்று சொல்லிவிடுவார். அப்புறம் ஜம்புலிங்கம் பஸ்ஸில் வரும்போது யோசிப்பான். கண்ணில் குறை இல்லை என்றால் பழுது எங்கிருந்து வந்தது என்று யோசிப்பான்.

"டாக்டருனா கத்திய எடுப்பாருப்பா" என்றேன். "கிருத்திகைக்கு மலையடிவாரத்துல ஒருத்தர் வந்து உட்காருவாரு. மூலிகைச் சொட்டு. மூணு நாள் போட்டா போதும், கத்தியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"நீங்க சொன்னா சரிங்க" என்றான்.

காவடிக் கூட்டத்தில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டான். எரிகிறது என்றானாம். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றானாம் மருந்துக்காரன். மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் வீங்கிப் புரையோடிப் போயின. அதற்குப் பிறகுதான் அரக்கோணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பார்வை போனது போனதுதான். அந்தச் சொட்டில் என்ன இருந்தது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் ஜெயம்மாள் தறியில் உட்கார்ந்தாள். கூடவே இருந்து பார்த்தவள், கை சீக்கிரம் படிந்துவிட்டது. முதல் மூட்டையில் ஒரு பழுது இல்லை. ஊக்கைத் தொடுவதில்லை என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே தறி, அதே நூல். அவன் நெய்தபோது வாரா வாரம் வந்த பழுது, புதிதாக உட்கார்ந்தவள் கையில் வராமல் போனால், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன், நெய்யும்போது எனக்கும் எல்லாம் சரியாகத்தானே தெரிந்தது, அந்தப் பழுது கடைக்குப் போன பிறகு வந்ததோ என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பான். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. இரண்டு வருஷமாக அவள் துணியிலும் வாரம் ஒன்று வைக்கிறேன். முன்பு லாபத்துக்காகச் செய்தேன். இப்போது ஒரு பைசா லாபம் இல்லை, வெட்கத்துக்காகச் செய்கிறேன்.

போன மாதம் ஜெயம்மாள் இந்த ஜன்னலில் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் கண்ணு போவுது போலண்ணே" என்றாள். "அவரு ஒருத்தரு போதும். அந்தச் சொட்டு கிட்டு எனக்கு வேணாம். நேரா டாக்டர்கிட்டயே போறேன். அரக்கோணத்துல எந்தக் கெழமை கீறாருனு கேட்டுச் சொல்லுங்க."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இதோடு நாலு திங்கட்கிழமை கேட்டுவிட்டாள். இன்று காலையில்கூட, அந்த டாக்டர் ஊரில் இல்லையாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனால் ஒன்று, அந்த மருந்துக்காரனிடம் போ என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நான் திருந்தியிருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.