நீலப் புகை

உங்கள் அறைக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது, ஐயா. குறை சொல்லவில்லை. முப்பத்தொரு வருடமாகப் படப்பிடிப்பில் பொருட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எங்கே போய் உட்கார்ந்தாலும் கண் முதலில் பொருட்கள் மேல்தான் போகும். நடிகர்கள் கையால் தொடுகிற எல்லாமே என் பொறுப்பு, டம்ளரிலிருந்து துப்பாக்கி வரை.

ஏட்டய்யாவை நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இந்தப் படத்தின் கதை தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் நடப்பது. தண்ணீரில் இறங்கி ஏறும் ஒரு சின்ன விமானம். அதை ஓட்டுகிறவன், காணாமல் போன கப்பலைத் தேடிப் போகிறான். புயல், தீவு, துரத்தல் எல்லாம் உண்டு. அவன் ஓயாமல் சிகரெட் பிடிப்பவன். இயக்குநர் முதல் கூட்டத்திலேயே சொன்னார், "அந்தக் காலத்து பைலட் கையில சிகரெட் இல்லைன்னா, மாறுவேஷப் போட்டிக்கு வந்தவன் மாதிரி இருப்பான்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய படத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. பழங்காலத்து மாலுமி ஒருவனுடைய பையில் ஜிப் தெரிந்தது. ஒன்றரை நொடிதான். பத்திரிகைகளில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். என் மனைவி வேலை பார்க்கும் பள்ளியில்கூட, "உங்க வீட்டுக்காரர் வச்ச ஜிப்பாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு நான் எதையும் விடுவதில்லை. இந்தப் படத்துக்குத் தீப்பெட்டி லேபிளையே நான்கு தடவை மாற்றி அச்சடிக்க வைத்தேன்.

நாயகன் நல்ல மனிதர். ஐம்பதைத் தொட இரண்டு வயது பாக்கி. ஒரு காலத்தில் தினம் இரண்டு பாக்கெட் ஊதித் தள்ளியவர். ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகு அடியோடு விட்டுவிட்டார். தங்கை நர்ஸாக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு அண்ணன் கூடவே இருந்து மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டாள். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் என் அறைக்கு வந்தாள்.

"சார், அண்ணன் இதுல சிகரெட் பிடிக்கணுமாமே?"

"எல்லாம் மூலிகை சிகரெட்மா. காய்ஞ்ச இலை. புகையிலை பேருக்குக்கூட இருக்காது."

"ஒண்ணே ஒண்ணு பிடிச்சாலும் பழையபடி ஆயிடுவாரு சார். இன்னொரு தடவை இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"என் கையாலதானே குடுக்கப் போறேன். கவலைய விடுங்க."

அன்று நான் மனதாரத்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. இலைச் சிகரெட்டின் புகை ஈர வைக்கோலைக் கொளுத்தியதுபோல் வெள்ளையாகக் குப்பென்று வரும். புகையிலை அப்படி இல்லை. நுனியிலிருந்து நூல் மாதிரி நீலமாக எழும். அதைவிட மோசம், அவர் முகம். புகையைக் கன்னத்தில் அடக்கி ஊதிவிட்டார், சூடான டீயை ஆற்றுகிற மாதிரி. ஒளிப்பதிவாளர் என் பக்கம் திரும்பி, "என்னண்ணே, இதுவும் அந்த ஜிப் மாதிரிதானா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

மறுநாள் நானே சுருட்டினேன். ஒன்பது பங்கு இலை, ஒரு பங்கு புகையிலை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, ஆனாலும் கை சீக்கிரம் பழகிவிட்டது. முதல் இழுப்பிலேயே அவர் நின்றுவிட்டார். சிகரெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை இழுத்தார், இந்தத் தடவை நெஞ்சுக்குள். மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

பத்து நாளில் புகையிலை பாதிக்குப் பாதி ஆயிற்று. அவர் என் அறைப் பக்கம் வர ஆரம்பித்தார், ஏதோ தொப்பியைப் பார்க்க வந்தவர்போல.

"அந்த டப்பாவுல மிச்சம் ஏதாவது இருக்காண்ணே?"

"ஷாட்டுக்கு மட்டும்தான் சார். தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

காலை முழுவதும் கொடுக்காமல் வைத்திருந்து, கேமரா ஓடத் தொடங்குகிற நேரத்தில் கொடுத்தால் அவர் விரல் லேசாக நடுங்கும். கண்ணை மூடி இழுப்பார். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதன் அப்படியே எதிரில் நிற்பான். இயக்குநர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எத்தனை மணி நேரம் பட்டினி போட்டால் எவ்வளவு நடுக்கம் வரும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்த நோட்டு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது.

ஆறாவது வாரம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் அவர் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நின்று பேச முடியாமல் என் கருவிப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார்.

"அண்ணே, நாளையிலேர்ந்து வெறும் இலையே குடுங்க. படி ஏறினா மூச்சு வாங்குது. தங்கச்சி மூஞ்சியப் பாத்துப் பேச முடியல."

"சரிங்க சார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் விமானத்துக்குள் எடுக்க வேண்டிய காட்சி. எரிபொருள் தீர்ந்துவிட்டது, கீழே கடல். விமானி கடைசியாக ஒரு சிகரெட்டைப் பற்ற வைக்கிறான். படத்தின் உயிரே அதில்தான். அதற்கு இலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முழுப் புகையிலை வைத்துச் சுருட்டினேன், கறுப்பு ரகம், ஃபில்டர் இல்லாமல், அந்தக் காலத்தில் எப்படியோ அப்படி. மூலிகை என்று எழுதிய டப்பாவில் அடுக்கினேன். இருபத்திரண்டு. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் புதிதாக ஒன்று கொடுத்தாக வேண்டும், நீளம் மாறக்கூடாது பாருங்கள்.

முதலாவதை இழுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. விமான ஜன்னல் வழியாக என்னைத் தேடினார். நான் டப்பாவை எடுத்து, லேபிள் தெரிகிற மாதிரி காட்டினேன்.

ஏழாவது தடவைக்குப் பிறகு இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். பத்தாவதில் உதடு நீலம் பாரித்தது. மேக்கப்காரர் பெட்டியோடு எழுந்தார். "உக்காருப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று நான்தான் அவரை உட்கார வைத்தேன். தங்கை அன்று மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். பதினான்காவதில் இயக்குநர் ஓகே சொன்னார். நாயகன் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

எல்லோரும் அவரைச் சுற்றி ஓடினார்கள். நான் டப்பாவில் மீதியிருந்த எட்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இலைச் சிகரெட் எட்டை வைத்தேன். பிறகு கீழே கிடந்த துண்டுகளைப் பொறுக்கினேன். ஷாட் முடிந்தால் இடத்தைச் சுத்தம் செய்வது என் வழக்கம்.

தங்கை வந்து அவர் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் விரல்களை முகர்ந்துகொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அத்தனை பேர் நடுவில் என்னை மட்டும் பார்த்தாள்.

அவள் புகார் கொடுத்தாள். உங்கள் ஆட்கள் வந்தார்கள். டப்பாவைச் சோதித்தால் வெறும் இலை. பழைய இதய நோயாளி, மாரடைப்பில் இறந்தார் என்று டாக்டர் எழுதிவிட்டார். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. நானும் வேறு படத்துக்குப் போயிருப்பேன்.

பிறகு ஏன் வந்தாய் என்கிறீர்கள். போன வாரம் தயாரிப்பாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஒரு பெண் கம்ப்யூட்டரில் அந்த விமானக் காட்சியைப் போட்டு, நாயகன் விரலிலிருந்து சிகரெட்டை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் பல் குத்தும் குச்சி. புகை இல்லை. அவர் சும்மா உதட்டைக் குவித்து மூச்சு விடுகிறார்.

"பசங்க பாக்குற படம்ணே" என்றார் தயாரிப்பாளர். "சிகரெட் இருந்தா சர்டிஃபிகேட்டுல சிக்கல்."

"அசல் பதிவு?"

"படம் வெளிய போனதும் அழிச்சிடுவோம். இடத்த அடைக்குதுல்ல."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு வக்கீலிடம் விசாரித்தேன். கொலை வழக்கென்று வந்துவிட்டால் அசல் பதிவு சாட்சியப் பொருள் ஆகிவிடுமாம். யாரும் தொட முடியாதாம். அன்றைக்கே இங்கே வந்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்துதான் கொடுத்தேன். அந்த எட்டும் இந்தக் கவரில் இருக்கின்றன, ஈரம் படாமல் வையுங்கள். பதினான்கு தடவை எடுத்ததையும் கோர்ட்டில் போட்டுக் காட்டுவார்கள் இல்லையா? பெரிய திரையாக இருந்தால் நல்லது. தங்கையும் வருவாள். அவள் இதுவரை அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. தன் அண்ணன் எவ்வளவு நிஜமாக இருந்தார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், நான் ஏன் கொடுத்தேன் என்று அவளே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வாள்.